இன்னஸ் ராங்கின் கில்ட் துவைத்த வாரம்

தன்னை விட்டுப் போகும் மனைவியின் படகுக்குத் தானே கயிறு அவிழ்த்துவிட்ட ஆண்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். இன்னஸ் ராங்கின் அவர்களில் ஒருவன். வேறு வழியில்லை, இன்ஷ்டோர் தீவிலிருந்து எதிர்க்கரை கார்ன்மோருக்குக் கார்களையும் ஏற்றிப் போகும் படகில் அவனுக்குக் கயிறு பிடிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிப் படகு. ஊனா ஒரு பெட்டியோடும், பேக்பைப் என்ற ஊதுபை வாத்தியத்தின் உறையோடும் வந்தாள். மற்றவர்களிடம் கேட்பதுபோல அவளிடமும் சீட்டைக் கேட்டு, கிழித்துக் கொடுத்துவிட்டான். பழக்கதோஷம். பிறகுதான் பெட்டியைக் கவனித்தான்.

“எங்க போற?”

“மோராக் வீட்டுக்கு.” மோராக் அவள் அக்கா, கார்ன்மோரில் இருக்கிறாள்.

“எப்ப வருவ?”

“தெரியல.”

“நான் என்ன பண்ணேன்?”

“யோசி.”

ஏழு நிமிடப் பயணம் அது. ஏழு நிமிடத்தில் யோசித்து முடிக்கக்கூடிய ஆள் இல்லை இன்னஸ். எதிர்க்கரை வந்து இறங்குபலகை தரையில் மோதியதும் ஊனா திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

“வர்ற சனிக்கு மறு சனிக்கிழமை விளையாட்டு விழா. நான் வாசிக்க வருவேன். என் கில்ட் அலமாரியில தொங்குது. அத நீயே துவைச்சு எடுத்துட்டு வா. கையால. கொசுவம் ஒண்ணு கலையக்கூடாது. அதப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வர்றதா வேண்டாமான்னு சொல்லுவேன்.”

“கில்ட்டையா?”

“கில்ட்டத்தான்.”

அவள் போய்விட்டாள். பின்னால் நின்ற காரிலிருந்து யாரோ மெதுவாக ஹாரன் அடித்தார்கள். இன்னஸ் நகர்ந்து வழிவிட்டான்.

*

முதல் வாரம் முழுக்க அவன் அந்தக் கில்ட்டை, பேண்ட்டில் ஆணும் பெண்ணும் கட்டும் கம்பளிக் கொசுவப் பாவாடையை, தொடவில்லை. யோசித்தான். கல்யாண நாளை மறந்துவிட்டானா? அது நவம்பரில் வருகிறது, இது ஜூன். மோராக் செய்த புளிப்பு ருபார்ப் தண்டுப் பணியாரத்தைப் பற்றி ஏதாவது சொன்னானா? சொன்னான்தான், ஆனால் அது போன வருடம். அப்போது ஊனாவும் சேர்ந்து சிரித்தாள். கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கினானா? ஆமாம். ஆனால் அதற்கெல்லாம் பெட்டி கட்டுவதென்றால் அவள் கல்யாணமான மூன்றாம் மாதமே கட்டியிருக்க வேண்டும்.

போவதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தான். சனிக்கிழமை, இருவரும் வாசிக்கும் பேண்ட் குழுவின் விருந்து. நன்றாகத்தான் நடந்தது. சொல்லப்போனால் அன்றைய மாலையின் நட்சத்திரமே இன்னஸ்தான். கிளாஸ்கோவிலிருந்து வந்திருந்த ஒரு விருந்தாளி, “உங்க கில்ட் புதுசு மாதிரி இருக்கே, எப்படிப் பாத்துக்கறீங்க?” என்று கேட்டார். அப்போது இன்னஸ் கையில் கோப்பையோடு எழுந்து நின்று பேசினான். கம்பளி என்பது சாதாரணத் துணியல்ல. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். “இத வாங்கிப் பத்தொம்பது வருஷம். சொட்டுத் தண்ணி பட்டதில்ல. மழைத்தண்ணியத் தவிர. வருஷத்துக்கு ஒரு தடவ அலமாரியில ஓய்வு குடுங்க, அதுவே பளிச்சுனு ஆயிடும். கம்பளிக்கு அறிவு இருக்கு, ஐயா.”

மேசை முழுக்கச் சிரித்தது. வாட்டி மேஷ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தபால்காரி எஃபி பெயின் மேசையில் நெற்றியை வைத்துவிட்டாள். தன் பேச்சுக்கு இவ்வளவு மவுசு இருக்கிறது என்று இன்னஸுக்கே அன்றுதான் தெரிந்தது.

ஊனா சிரிக்கவில்லை என்பது இப்போது ஞாபகம் வந்தது. தலைவலியாக இருக்கும் என்று அன்று நினைத்திருந்தான்.

ஆக, விருந்திலும் தவறாக ஒன்றும் நடக்கவில்லை. இன்னஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

*

இரண்டாவது திங்கட்கிழமை, விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, அவன் படகில் வருகிறவர்களிடம் ஆலோசனை கேட்க ஆரம்பித்தான்.

ஒரு படகின் ஏழு நிமிடத்தில் ஒரு ஆலோசனைதான் கேட்க முடியும். அடுத்த படகில் வருகிறவர் அதற்கு நேர்மாறாகச் சொல்வார்.

முதலில் வாட்டி மேஷ். செம்மறியாடு வளர்ப்பவன், பேண்ட்டில் பக்கமுரசு. இன்னஸ் பெரிய முரசு. இருபது வருடமாக இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அடிக்கிறார்கள். வண்டி நிறைய ஆடுகளோடு வந்து நின்றான்.

“பச்சத் தண்ணியா, வெந்நீரா?” என்று கேட்டான் இன்னஸ்.

வாட்டி வண்டியின் கம்பிக்குள் கையை விட்டு ஒரு ஆட்டின் முதுகைத் தட்டினான். “இதுங்க மேல வருஷம் பூரா மழ பெய்யுது. எதாச்சும் சுருங்கியிருக்கா பாரு.”

“இல்ல.”

“வெந்நீர்ல போட்டுப் பாத்திருக்கியா?”

“இல்ல.”

“நானும் பாத்ததில்ல. அப்ப எது நல்லதுன்னு நீயே தெரிஞ்சுக்க.” பிறகு ஆட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான்: “ஆனா உனக்கெதுக்குப்பா இந்தக் கவல? கம்பளிக்குத்தான் அறிவு இருக்கே.”

“இது ஊனாவோடது.”

“ஓ. ஊனாவோட கம்பளிக்கு அறிவு கம்மியா?”

ஆடுகள் கத்தின. இன்னஸ் அதற்குள் ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று நினைத்தான், என்னவென்று பிடிபடவில்லை.

மதியப் படகில் டார்க்வில் வந்தான். பேண்ட்டுக்குத் தலைவன், கல்யாணம் ஆகாதவன், எல்லாவற்றிலும் கறார். “துவைக்கவே கூடாது,” என்றான். “பிரஷ் போடு. காத்துல தொங்கவிடு. கற மட்டும் இருந்தா ஈரத்துணியால ஒத்தி எடு. முழுசா முக்கினா போச்சு. எட்டு கஜம் துணி, இருபத்தாறு கொசுவம். கலைஞ்சா உங்கப்பன் வந்தாலும் சேக்க முடியாது.”

“அதத்தான நானும் விருந்துல சொன்னேன்.”

“சொன்ன, சொன்ன,” என்று டார்க்வில் கடலைப் பார்த்தான். அவன் தோள் லேசாகக் குலுங்கியது.

“ஆனா அவ துவைக்கத்தான் சொல்லியிருக்கா.”

“அப்ப துவைச்சுத்தான் ஆகணும்.”

“துவைக்கக் கூடாதுன்னியே.”

“கில்ட்டுக்குக் கூடாது. உனக்கு ஆகணும்.”

மறுநாள் காலை எஃபி பெயின் தபால் வண்டியோடு ஏறினாள். அறுபது வயது, தீவில் எந்த வீட்டுக்கு எந்தக் கடிதம் வருகிறது என்பது மட்டுமல்ல, அதைப் படித்தவர் முகம் எப்படிப் போனது என்பதும் தெரியும். வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

“இளைச்சுட்ட ராசா. என்ன சாப்பிடற?”

“டோஸ்ட்டு. எஃபி, கில்ட் துவைக்கத் தெரியுமா?”

“தெரியும். உனக்குச் சொல்றதா வேண்டாமான்னுதான் யோசிக்கிறேன்.” ஒரு நிமிடம் யோசித்தாள், ஏழில் ஒன்று போயிற்று. “சரி, கேட்டுக்க. முதல்ல கொசுவத்த எல்லாம் தட்டையா அடுக்கி, ஊசி நூலால ஓட்டுத்தையல் போடு. குறுக்க மூணு வரிச. மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கீழ் ஓரத்துல ஒண்ணு. பெரிய பெரிய தையலாப் போட்டாப் போதும். அப்பத்தான் தண்ணிக்குள்ள போனாலும் கலையாது. குளியல் தொட்டியில பச்சத் தண்ணி, குழந்தைக்குத் தலைக்குப் போடற ஷாம்பு கொஞ்சம். தேய்க்காத, பிழியாத. சும்மா அமுக்கி அமுக்கி விடு. இடுப்புல இருக்கற தோல் வார் நனையக்கூடாது, சாயம் விட்டுடும். கடைசித் தண்ணியில ஒரு மூடி வினிகர். அப்புறம் துண்டுல சுருட்டி மேல ஏறி நில்லு. படுக்கப் போட்டுக் காயவை, தொங்கவிடாத. காஞ்சதும் ஈரத்துணி போட்டு இஸ்திரி. அப்புறம் தையலப் பிரி. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?” என்றான் இன்னஸ் பலவீனமாக. பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தான். மூன்று சீட்டுகள் நிறைந்துவிட்டன.

“ஒரு தடவைக்கு இவ்வளவுதான்,” என்றாள் எஃபி. “வருஷா வருஷம் பண்ணினா கொஞ்சம் சலிக்கும்.”

“ஊனா பண்றாளே. அவளோடது ஒண்ணுதான, என்ன சலிப்பு?”

எஃபி கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

*

அன்று மாலை வேலை முடிந்து வந்ததும் இன்னஸ் இரண்டு கில்ட்டையும் அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டான். இரண்டும் ஒரே கட்டம்: கரும்பச்சை, கருநீலம், நடுவே மெல்லிய மஞ்சள் கோடு. அவனுடையது பெரிது, அவளுடையது சிறிது. நேராக அவளுடையதில் கைவைக்க அவனுக்குத் தைரியமில்லை. முதலில் தன்னுடையதில் செய்து பார்ப்பது, கெட்டால் அது கெடட்டும் என்று முடிவு செய்தான். அவன் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளில் ஓரளவு உருப்படியானது இது.

ஊனாவின் தையல் பெட்டியைத் திறந்தான். பட்டன்கள், ஊசிகள், ஏழெட்டு நூல் கண்டுகள். அவற்றில் ஒரு வெள்ளைக் கண்டு மட்டும் மற்றவற்றைப் போல மூன்று மடங்கு பெரிதாக இருந்தது. அதிலும் பாதி தீர்ந்திருந்தது. இந்த வீட்டில் வெள்ளையாக என்ன இருக்கிறது, அதை இவ்வளவு தைப்பதற்கு? அவனுடைய சட்டைகள் நீலம். திரைச்சீலை காவி. வியந்துகொண்டே அதை ஒதுக்கிவிட்டு, அடியில் கிடந்த கரும்பச்சைக் கண்டை எடுத்தான். நூலின் நிறத்தைப் பற்றி எஃபி ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லித்தர வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கரும்பச்சைத் துணியில் வெள்ளைத் தையல் போட்டால் அசிங்கமாக இருக்குமே என்று இன்னஸ் நினைத்தான். ஊனா பார்த்தால் என்ன சொல்வாள். பச்சைதான் பொருத்தம்.

முதலில் தன்னுடையதை, பிறகு அவளுடையதை, நான்கு மணி நேரம் தைத்தான். ஒருமுறை தன் காற்சட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்டு எழுந்து நடந்தபோதுதான் தெரிந்தது. ஆனால் முடித்துவிட்டுப் பார்த்தபோது அவனுக்கே பெருமையாக இருந்தது. தையல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தடவிப் பார்த்தால்தான் தெரியும். பெரிய பெரிய தையலாகப் போட்டால் போதும் என்று எஃபி சொல்லியிருந்தாள். இன்னஸ் சின்னச் சின்னதாகப் போட்டான். மனைவி திரும்பி வருவதா வேண்டாமா என்பது தொங்கிக்கொண்டிருக்கும்போது பெரிய தையல் போட யாருக்கு மனம் வரும்?

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு தொட்டியில் தண்ணீர் விட்டான். தீவுக் குழாயில் வருவதே மலையின் கரிச்சதுப்பில் ஊறி வரும் தண்ணீர். புதிதாகப் பிடித்தாலும் நீர்த்த தேநீர் நிறம்தான். தோல் வார்களை ரொட்டிப் பைகளுக்குள் திணித்து, துணி கிளிப் போட்டுக் குழாயின்மேல் மாட்டினான். தன் கில்ட்டை மெதுவாக இறக்கினான். பிறகு சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, பின்னுக்கு நகர்ந்து நின்றுகொண்டான்.

பத்தொன்பது வருட அழுக்கு இப்போது வெளிவரப் போகிறது. எத்தனை அணிவகுப்பு, எத்தனை சேற்றுத் திடல், எத்தனை கோப்பை பீர். ஒருமுறை ஒரு குதிரையே தும்மியிருக்கிறது. தண்ணீர் தார் மாதிரி ஆகும், தொட்டியே கறைபடும். அதற்கென்று தேய்க்கும் பொடிகூட வாங்கி வைத்திருந்தான்.

அரை மணி நேரம் அமுக்கினான். நீர்த்த தேநீர் கொஞ்சம் திடமான தேநீராக ஆயிற்று. அவ்வளவுதான்.

இன்னஸ் குனிந்து பார்த்தான். விளக்கைப் போட்டுப் பார்த்தான். ஒரு கொசுவத்தின் ஆழத்திலிருந்து இரண்டு அங்குல நீளத்தில் ஒரு வெள்ளை நூல்துண்டு மட்டும் மிதந்து வந்தது. எங்கிருந்து வந்தது இது? எடுத்துச் சோப்புக் கிண்ணத்தில் வைத்தான்.

தண்ணீரைத் திறந்துவிட்டு, மறுபடி பிடித்து, ஊனாவின் கில்ட்டை இறக்கினான். அரை மணி நேரம். அதே தேநீர், அதே திடம், ஒரே கெட்டிலிலிருந்து இரண்டு கோப்பையில் ஊற்றியது மாதிரி.

தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டான். ஊனா தன் கில்ட்டை வருடம் தவறாமல் துவைப்பாள். அது அவனுக்குத் தெரியும், அவளே சொல்லியிருக்கிறாள். அவனுடையது பத்தொன்பது வருடமாகத் தண்ணீரே பார்க்காதது. இரண்டிலும் ஒரே அழுக்கு. அப்படியானால்?

அப்படியானால் விருந்தில் அவன் சொன்னது முழுக்க உண்மை. கம்பளிக்கு அறிவு இருக்கிறது.

சந்தோஷமாக வினிகர் ஊற்றினான். ஒரு மூடியா ஒரு கோப்பையா என்பது சீட்டில் ஈரம் பட்டு அழிந்திருந்ததால் இரண்டுக்கும் நடுவாக ஊற்றினான்.

*

கில்ட் காய்வதற்கு இரண்டு நாளானது. ஒன்று சாப்பாட்டு மேசையில், இன்னொன்று கட்டிலில், அவன் நாற்காலியில். வெள்ளி மாலை இஸ்திரி போட்டான். கொசுவங்கள் கத்தி முனை மாதிரி நின்றன. கடைசி வேலை, தையலைப் பிரிப்பது.

அப்போதுதான் பச்சை நூலின் அருமை தெரிந்தது. கரும்பச்சைத் துணியில் கரும்பச்சை நூல், அதுவும் சின்னச் சின்னத் தையல், மேலே இஸ்திரியும் போட்டு அழுத்தியாயிற்று. ஜூன் மாதம், பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் பிழைத்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்கும் ஏற்றி இறக்கி, நகத்தால் தடவித் தடவி ஒவ்வொன்றாகப் பிரித்தான். இது வெள்ளை நூலாக மட்டும் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு...

கை நின்றது.

எழுந்து குளியலறைக்குப் போனான். சோப்புக் கிண்ணத்தில் அந்த வெள்ளை நூல்துண்டு காய்ந்து வளைந்து கிடந்தது. அது நெளிநெளியாக இருந்தது, தையலிலிருந்து உருவி எடுத்த நூல் இருக்குமே அப்படி. கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

துவைக்காத கில்ட்டில் ஓட்டுத்தையல் எதற்கு?

ஒவ்வொரு அக்டோபரிலும் படகைச் சீர்பார்க்கத் தளத்துக்குக் கொண்டுபோவார்கள். இன்னஸும் அதோடு போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவான். திரும்பி வந்து அலமாரியைத் திறந்தால் கில்ட் பளிச்சென்று இருக்கும். ஓய்வு கொடுத்தால் கம்பளி தானாகவே சுத்தமாகிவிடுகிறது என்பது அவனுடைய கண்டுபிடிப்பு. பத்தொன்பது அக்டோபரும் சோதித்துப் பார்த்து உறுதி செய்த கண்டுபிடிப்பு.

வாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டது, எஃபி மேசையில் நெற்றியை வைத்தது, டார்க்விலின் தோள் குலுங்கியது எல்லாம் வரிசையாக வந்து அந்தக் குளியலறையில் அவனோடு நின்றன. ஊனா நாற்பது பேருக்கு நடுவே, அவன் பக்கத்து நாற்காலியில், சிரிக்காமல் உட்கார்ந்திருந்ததும்.

ஜன்னலுக்குத் திரும்பினான். மீதியைப் பிரித்தான். மனம் அங்கே இல்லை. நாளைக்கு அவளிடம் என்ன சொல்வது? ‘எனக்குத் தெரியாது’ என்றா? அதுதான் குற்றமே. ‘தெரிந்துகொண்டேன்’ என்றா? பத்தொன்பது வருடம் கழித்தா? ஒரு கில்ட்டுக்கு மூன்று வரிசை, இரண்டுக்கு ஆறு. பிரித்தது ஐந்தா ஆறா என்று ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தது. தரையில் கிடந்த நூல்களை எண்ணிப் பார்த்தான். துண்டு துண்டாகக் கிடந்தவற்றை எப்படி எண்ணுவது? ஆறுதான் என்று வைத்துக்கொண்டான்.

*

விழாத் திடலில் பேண்ட்டுக்கென்று போட்டிருந்த கூடாரத்துக்குப் பின்னால் ஊனா வந்தாள். பதிமூன்று நாள் கழித்துப் பார்க்கிறான். முடியைக் கொஞ்சம் வெட்டியிருந்தாள். அதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் கில்ட்டை நீட்டினான்.

அவள் வாங்கி, இடுப்புப் பட்டியைப் பார்த்தாள். வாரைப் பார்த்தாள். கொசுவத்தின் மேல் உள்ளங்கையை ஓட்டினாள். முகர்ந்தாள்.

“சிப்ஸுக்கு வினிகர் ஊத்தற கடை மாதிரி இருக்கு.”

“வினிகர் கொஞ்சம் கூடிடுச்சு.”

“தோல் வார நனைக்கல.”

“ரொட்டிப் பை போட்டேன்.”

அவள் வாய் ஓரம் ஏதோ செய்தது. அது என்ன என்று அவன் கண்டுபிடிப்பதற்குள் கூடாரத்துக்குள் போய்விட்டாள். அவன் நேற்றிரவு தயாரித்த மூன்று பேச்சுகளில் ஒன்றுகூட இப்போது ஞாபகம் இல்லை. முதலாவது ‘ஊனா’ என்று ஆரம்பித்தது மட்டும் நினைவிருந்தது.

கில்ட்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். நான்கு எட்டு நடந்தாள். நின்றாள்.

“இன்னஸ்.”

“ம்.”

“இது ஏன் அசைய மாட்டேங்குது?”

அவன் பார்த்தான். நடக்கும்போது கொசுவம் விரிந்து விரிந்து மூட வேண்டும். கில்ட்டின் அழகே அதுதான். அவள் பின்னால் அது மேசை விளக்கின் மூடி மாதிரி விறைப்பாக, மொத்தமாக, இடமும் வலமும் ஆடியது.

பிரித்தது ஆறு இல்லை, ஐந்து. கீழ் ஓரத்து வரிசை.

“அணிவகுப்புக்கு எவ்வளவு நேரம் இருக்கு?” என்று கேட்டான்.

“எட்டு நிமிஷம்.”

அவள் தோளில் பேக்பைப் ஏறிவிட்டது, குனிய முடியாது. கழற்றி மறுபடி கட்ட நேரமில்லை. இன்னஸ் புல்லில் மண்டியிட்டான். கத்தரிக்கோல் இல்லை. மூக்குக்கண்ணாடி காரில். வலதுகால் உறையில் செருகியிருந்த குறுங்கத்தியை உருவினான். கில்ட் கட்டுகிற எல்லோரும் அழகுக்கு வைத்துக்கொள்ளும் கத்தி, பத்தொன்பது வருடத்தில் பாலாடைக்கட்டியைத் தவிர எதையும் வெட்டாதது. வானம் மூடிக்கொண்டு வந்தது. பொடிக்கொசுக்கள் காதுக்குள் போயின. பச்சையில் பச்சையைத் தேடினான்.

“என்ன நூல் போட்ட?”

“பச்ச.”

“ஏன்?”

“பாக்க நல்லா இருக்கட்டும்னு.”

“தெரியாத நூலப் போட்டுட்டு எப்படிய்யா பிரிப்ப? பெட்டியில அவ்வளவு பெரிய வெள்ளக் கண்டு இருக்கே, கண்ணுல படலயா?”

“பட்டுச்சு. என்னத்துக்குன்னு தெரியல.” ஒரு தையல் அறுந்தது. “நேத்துத்தான் தெரிஞ்சுது.”

ஒருவர் முகத்தைப் பார்க்காமல் அவர் கொசுவத்தைப் பார்த்துப் பேசுவது எளிதாக இருக்கிறது என்பதை இன்னஸ் அன்று கண்டுபிடித்தான். இந்தக் கண்டுபிடிப்பில் பழுதில்லை. “அக்டோபர்ல,” என்றான். “நான் தளத்துக்குப் போறப்ப. மேசையில ஒண்ணு, கட்டில்ல ஒண்ணு காயப் போட்டா நீ எங்க படுப்ப?”

“நாற்காலியில.”

“நானும் அதுலதான் படுத்தேன். கழுத்து போயிடுச்சு.”

“எனக்கு வருஷா வருஷம் போகும்.”

டார்க்வில் கூடாரத்தைச் சுற்றி வந்தான். அவனுக்குப் பின்னால் மொத்த பேண்ட்டும் வந்தது. பெரிய முரசுக்காரன் கையில் கத்தியோடு முதல் வரிசைப் பேக்பைப்காரிக்குப் பின்னால் மண்டி போட்டிருப்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

“என்னய்யா நடக்குது இங்க?”

இன்னஸ் எழவில்லை. எழுந்தால் பிடித்திருக்கும் நூல் கைவிட்டுப் போய்விடும். அங்கிருந்தே, கையில் கோப்பையில்லாமல், பேண்ட்டுக்கு முன்னால் தன் இரண்டாவது பேச்சைப் பேசினான். “விருந்துல நான் ஒண்ணு சொன்னேன். என் கில்ட்ல தண்ணியே பட்டதில்லன்னு. அது தப்பு. வருஷா வருஷம் ஊனாதான் துவைச்சிருக்கா. எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும். உங்க எல்லாருக்கும் சொல்லணும்னு...”

“எங்களுக்குத் தெரியுமே,” என்றான் வாட்டி.

“தெரியுமா?”

“தீவுக்கே தெரியும்யா. ஜன்னல் வழியா மேசையில விரிச்சு வெச்சிருக்கிறது ரோட்டுக்குத் தெரியும். அன்னிக்கு நாங்க எதுக்குச் சிரிச்சோம்னு நெனச்ச?”

இன்னஸ் கொஞ்சம் யோசித்தான். “என் பேச்சு நல்லா இருந்துச்சுன்னு.”

“பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு,” என்றான் வாட்டி இரக்கத்தோடு.

“பத்தொம்பது இல்ல,” என்றாள் ஊனா, திரும்பாமல். “பதினெட்டு. முத வருஷம் நீ பீரக் கொட்டிட்டு வந்தப்ப உங்கம்மா துவைச்சாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: “தெரியாம இருந்தது போகட்டும். நானும் சொல்லல. தெரியாம எந்திரிச்சு நின்னு பாடம் நடத்தின பாரு. பக்கத்துல என்ன உக்கார வெச்சுக்கிட்டு.”

“ஆமா,” என்றான். கடைசித் தையலை அறுத்து நூலை இழுத்தான். கொசுவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்து, அவன் முகத்தின்மேல் வினிகர் வாசனையோடு விசிறின. “நட.”

அவள் நடந்தாள். அசைந்தது.

*

முரசுக்காரர்கள் கடைசி வரிசை. ஆகவே அணிவகுப்பு முழுக்க இன்னஸ் பார்த்தது முன்னால் போகும் கில்ட்டுகளின் பின்பக்கங்களைத்தான். இத்தனை வருடம் அதைப் பார்த்தபடியேதான் அடித்திருக்கிறான். இருபத்தாறு கொசுவம், மூன்று வரிசை, ஒரு ஆளுக்கு எத்தனை தையல் என்று இன்றுதான் எண்ணிப் பார்த்தான். எண்ணியதில் ஒரு அடி தவறியது. டார்க்வில் திரும்பி முறைத்தான்.

இரண்டாவது சுற்றில் மழை பிடித்தது. கார்ன்மோர் மழை அவசரப்படாது. ஆனால் விட்டும் போகாது. முடிந்து கலைந்தபோது எல்லோரும் சொட்டச் சொட்ட நின்றார்கள். மூன்று நாளாக அவன் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட எட்டு கஜமும் ஈரக் கம்பளி நாற்றத்தோடு ஊனாவின் முழங்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவன் காரின் பக்கத்தில் நின்றான். மோராக்கின் கார் அந்தப் பக்கம், அவனுடைய கார் இந்தப் பக்கம். ஊனா நடுவே நின்று கில்ட்டின் ஓரத்தைப் பிடித்துத் தண்ணீரை ஒற்றி எடுத்தாள். பிழியவில்லை.

“மோராக் வீட்ல ஒரு மேசதான் இருக்கு,” என்றாள். “அதுலயும் அவ ஜிக்சா படம் அடுக்கி வெச்சிருக்கா. தொட விடமாட்டா.”

இன்னஸ் பேசாமல் இருந்தான். இந்த இரண்டு வாரத்தில் அவன் கற்றுக்கொண்டது அதுவாக இருக்கலாம். அல்லது நிஜமாகவே ஒன்றும் புரியாமல் நின்றிருக்கலாம். இரண்டுக்கும் முகம் ஒன்றுதான்.

“அந்த வெள்ள நூல் இன்னும் இருக்கில்ல?”

“பாதிக் கண்டு இருக்கு.”

“ரெண்டு கில்ட்டுக்கும் போதும்,” என்று அவனுடைய காரின் கதவைத் திறந்து, இருக்கையில் துண்டை விரித்து, கொசுவத்தைக் கையால் ஒழுங்குசெய்துகொண்டு உட்கார்ந்தாள். “அடுத்த படகு எத்தன மணிக்கு?”

அது அவனுக்குத் தெரிந்த விஷயம். “நாலு இருபது,” என்றான்.